எம்2-ஆ, மஸ்டாங்கா: வாறுகால் சரிவில் தொடங்கிய கணக்கு

கப்பலில் இன்ஜின் ரூம் வேலை எனக்கு. நாலு மாதம் கடல், நாலு மாதம் பாளையங்கோட்டை. இருபது வருடம் இப்படியே ஓடிவிட்டது. நாற்பத்து நாலாவது வயதில், செங்கடலைத் தாண்டிக்கொண்டிருந்த ஓர் இரவு, வாட்ச் (பணி முறை) முடிந்து வந்து படுத்தவன் ஒரு முடிவோடு எழுந்தேன். இந்த லீவில் ஒரு கூபே வாங்கிவிடுவது. இரண்டு கதவு, பின்சக்கரத்துக்குப் போகும் விசை, நல்ல இன்ஜின். புதிது வாங்க வழியில்லை. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி மட்டுமே 20 சதவீதம். கோடி ரூபாய் காருக்குக் கட்டும் வரியில் எங்கள் பக்கம் ஒரு வீட்டு மனை வாங்கலாம். ஆகவே பழைய கார்தான்.

மச்சினனிடம் சொன்னேன். "அத்தான், உங்களுக்கு என்ன கோட்டி பிடிச்சிருச்சா? இந்தத் துட்டுக்கு ரெண்டு இன்னோவா வாங்கி வாடகைக்கு விடலாம்லா" என்றான். நியாயமான பேச்சு. நான் கேட்கவில்லை.

கையிலிருந்த பணத்துக்குள் வந்த பெயர்கள் இரண்டு. ஒன்று ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 2016 ஜூலையில் இங்கே விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலை 65 லட்சம். 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), காற்றை ஊதித் திணிக்கும் டர்போ கிடையாது, 401 பிஎஸ் குதிரைத்திறன், 515 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இன்னொன்று பிஎம்டபிள்யூ எம்2 காம்பெடிஷன். 2018 அக்டோபரில் 79.90 லட்சத்துக்கு வந்தது. 3 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 410 பிஎஸ், 550 நியூட்டன் மீட்டர், இரட்டைக் கிளட்ச்சோடு ஏழு கியர். நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 4.2 விநாடி. மஸ்டாங் அதைவிட அரை விநாடிக்கு மேல் பிந்தும்; எடையும் 150 கிலோ போல அதிகம். கப்பலில் உட்கார்ந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு மார்க் கொடுத்தேன். எம்2-க்கு 8, மஸ்டாங்குக்கு 5. அந்த நோட்டில் இப்போது பால் கணக்கு எழுதுகிறார்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவை அளந்தேன். தெருமுனையில் கரண்ட் கம்பத்துக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவே 2 மீட்டர் 60. கண்ணாடிகளைச் சேர்க்காமல் மஸ்டாங்கின் அகலம் 1916 மில்லிமீட்டர், எம்2 1854. அதில் பெரிய வித்தியாசம் இல்லை. நீளத்தில்தான் இடிக்கும். மஸ்டாங் 4784, எம்2 4461. ஓர் அடிக்கு மேல் கூடுதல். திரும்புகிற இடத்தில் அந்த ஓர் அடி என்ன செய்யும் என்று மச்சினனின் காரை வைத்து, பின்னால் ஓர் அடிக்கு மூங்கில் கம்பு கட்டி, திருப்பிப் பார்த்தேன். ஒரு தடவை பின்னுக்கு எடுத்துத் திருப்பினால் போதும். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டு வாசலில் இருந்தது. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே வாறுகால், அதாவது சாக்கடை. அதன்மேல் கல் பாவி, அங்கிருந்து போர்ட்டிகோவுக்குச் செங்குத்தாக ஒரு சரிவு. அப்பா அம்பாசடருக்காகப் போட்டது. அம்பாசடருக்கு அது ஒரு சரிவே இல்லை. தரையோடு தரையாகப் போகிற காருக்கு அது மலை.

விற்கிறவர்கள் இரண்டு பேரிடம், முன்சக்கர மையத்திலிருந்து பம்பர் நுனிவரை எவ்வளவு, பம்பரின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒருவர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர் அனுப்பினார். (அனுப்பியவரிடம்தான் பிற்பாடு கார் வாங்கினேன். பொறுமையாகப் பதில் சொல்கிறவர் காரையும் பொறுமையாக வைத்திருப்பார் என்பது என் கணக்கு.) மற்ற காரின் அளவை நேரில் போனபோது எடுத்துக்கொண்டேன். பிறகு ரீப்பர் கட்டையில் காரின் அடிப்பக்க உருவத்தை ஆணி அடித்துச் செய்தேன். சக்கரத்துக்குப் பதில் அதே விட்டத்தில் வெட்டிய ப்ளைவுட் வட்டம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே எம்2-க்கு 2693 மில்லிமீட்டர், மஸ்டாங்குக்கு 2720. மச்சினன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அதைச் சரிவில் ஏற்றினோம்.

அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன்டே, காரு வாங்கப் போறியா, தேரு செய்யப் போறியா?"

இரண்டு உருவமும் தட்டின. எம்2 பம்பர் விளிம்பில் தட்டியது, மஸ்டாங் நீண்ட மூக்கால் அதற்கும் முன்னாலேயே தட்டியது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் மரச்சட்டத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு அண்ணாச்சி, சரிவை ரெண்டடி முன்னால இழுத்துட்டா முடிஞ்சுது" என்றார். முடிந்தது. இரண்டு மூட்டை சிமெண்டு, ஒரு நாள் கூலி. கார் வந்த பிறகு பம்பரைக் கிழித்துக்கொண்டு செய்திருந்தால் இதே வேலையின் செலவுக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்ந்திருக்கும்.

முதலில் பார்த்த எம்2 பெங்களூரில் ஒரு பழைய கார் கடையில் இருந்தது. காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். போய் முதல் வேலையாகப் பானெட்டில் கை வைத்தேன். சூடு. "இப்பதான் சார் கழுவ எடுத்துட்டுப் போனோம்" என்றார்கள். கப்பலில் ஜெனரேட்டரை வாங்கினாலும் சரி, காரை வாங்கினாலும் சரி, குளிர்ந்த இன்ஜின் முதல் தடவை கிளம்புகிற சத்தத்தைக் கேட்காமல் ஒரு பைசா பேசக்கூடாது. செயின் தளர்ந்திருந்தால், எண்ணெய் அழுத்தம் ஏறத் தாமதமானால், வால்வு சீலில் எண்ணெய் கசிந்திருந்தால் எல்லாம் அந்தப் பத்து விநாடியில்தான் தெரியும். முந்தின நாள் ராத்திரியே போன் செய்து, நான் வரும்வரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லியும் தொட்டிருந்தால் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

அடுத்து டயர். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு இலக்கம் தயாரான வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம். அந்தக் காரில் நாலு டயருக்கு மூன்று தேதி. 14,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு ஏன் மூன்று வயதில் டயர்? காரின் கம்ப்யூட்டரைப் படிக்க நான் கொண்டுபோன சின்ன ஸ்கேனரைச் செருகினேன். கோளாறு எதுவும் காட்டவில்லை. ஆனால் காரின் சுயசோதனைகள் பாதி முடியாமல் நின்றன. அப்படி நின்றால் சமீபத்தில் யாரோ பழைய கோளாறுப் பதிவுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எம்2-இன் இன்ஜினில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் டைமிங் செயினை ஓட்டும் பல்சக்கரம், வழுக்காமல் பூட்டி வைக்கும் உலோகத் துண்டு எதுவும் இல்லாமல், நடு போல்ட்டின் இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. கம்ப்யூட்டரில் கை வைத்து விசையைக் கூட்டிய கார்களில் அது வழுக்கிப்போன கதைகள் உண்டு. இந்தக் காரில் அப்படி ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் டீ சொன்னார். டீயைக் குடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

இரண்டாவது எம்2 மதுரையில் ஒரு டாக்டருடையது. ஒரே கை, எல்லா பில்லும் வரிசையாக ஃபைலில். அவருக்கு நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாணம்; காரிலேயே வந்துவிடுகிறேன், நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றார். அப்படி ஒரு மனுசர்.

விடிகாலை ஐந்தரைக்கு நான்குவழிச்சாலையில் ஏறி நாங்குநேரி பக்கம் போனோம். எம்2 எப்படிப்பட்ட கார் என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட்டால் மூக்கு திரும்புகிறது, நினைத்தால் திரும்புகிறது என்றுகூடச் சொல்லலாம். பிரேக்கில் காலை வைத்தால் பூமியில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஒரு லாரியைத் தாண்ட வலது காலை அழுத்தினேன். தாண்டி முடித்து முள்ளைப் பார்த்தால் பார்க்கக் கூடாத எண்ணில் நின்றது. காலை எடுத்தேன். 80-க்கு வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. 80-இல் அது அமைதியான, கொஞ்சம் கடினமாகக் குலுக்குகிற, நல்ல ஜெர்மன் கார். அவ்வளவுதான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. கியர் விகிதமும் டயர் விட்டமும் வைத்துக் கணக்குப் போட்டால், இந்த இரண்டு கார்களுமே இரண்டாம் கியரிலேயே நூறைத் தொட்டுவிடும். எங்கள் சாலையில் பலகை 100 என்கிறது, சில இடத்தில் 80. காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போனால் சாரல் காலத்தில் கணவாய்க் காற்று காரை ஒரு கை தள்ளும்; அங்கே 80-கூட அதிகம். குறுக்கே ஆட்டு மந்தை வரும், எதிர்த்திசையில் பைக் வரும். ரேஸ் டிராக் வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போக வேண்டும். நான் வருடத்துக்கு ஒரு தடவை போனால் அதிகம். அப்படியானால் 4.2 விநாடிக்கு நான் ஏன் பணம் கொடுக்கிறேன்? 60-இலும் 80-இலும் எனக்கு என்ன தருகிறது இந்தக் கார்? நோட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை.

டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது அவரே, "வேகமாப் போனாத்தான் சார் இது பேசும்" என்றார்.

மஸ்டாங் கொச்சியில் இருந்தது. 2017 மாடல், 21,000 கிலோமீட்டர், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் வைத்திருந்தார். டேப் படம் அனுப்பியவர் இவர்தான். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், முந்தின நாள் தொடாத கார். பானெட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தார். கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே அந்த வி8 ஒரு தடவை கனைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் நின்றது. கப்பல் இன்ஜினில் இருபது வருடம் காது பழகியவன் நான். சும்மா நிற்கிற ஓட்டத்தில் ஒரு சிலிண்டர் பிசகினாலும் கேட்டுவிடும். பிசகவில்லை.

எண்ணெய்க் குச்சிக் குழாய் வழியே மெல்லிய பிளாஸ்டிக் டியூபை விட்டு 100 மில்லி உறிஞ்சி, சீசாவில் எடுத்துக்கொண்டேன். கப்பலில் நாங்கள் வழக்கமாகச் செய்வது. எண்ணெயை லேபுக்கு அனுப்பினால் இரும்பு, செம்பு, சிலிக்கான் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். செம்பு கூடினால் பேரிங் தேய்கிறது, சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது. அவர் சிரித்தார். "ரத்தப் பரிசோதனையா சேட்டா?" சென்னையிலிருந்து முடிவு வர ஐந்து நாள் ஆனது, செலவு சில ஆயிரம். எல்லாம் அளவுக்குள். பழைய பெரிய இன்ஜின் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் பெயின்ட் பளபளப்பைப் பார்ப்பது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இடப்பள்ளியிலிருந்து ஆலுவா பக்கம் ஓட்டினேன். சிக்னல், பஸ், நெரிசல். ஐம்பதைத் தாண்டவே இல்லை. எம்2-ஐ அளந்த அதே கோலால் அளந்தால் இது தோற்றது. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே கொஞ்சம் மெத்தை. கதவின் பிளாஸ்டிக்கைத் தட்டினால் 65 லட்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடுவில் விமானத்து ஸ்விட்ச் மாதிரி நாலைந்து, வேகமானியில் 'கிரவுண்ட் ஸ்பீடு' என்று எழுத்து. சின்னப் பையன்களை மயக்கச் செய்தது. ஆனால் 40-இல் போகும்போதே முதுகுத்தண்டில் ஒரு மெல்லிய அதிர்வு. லேசாகக் காலை வைத்தால் முன்னாலிருந்து ஓர் உறுமல், காத்திருக்காமல் வருகிற தள்ளு. டர்போ ஊதுகிறவரை பொறுக்க வேண்டியதில்லை. எட்டு சிலிண்டர் என்னோடு நடந்து வருகிற மாதிரி இருந்தது. இதற்காக நான் சட்டத்தை மீற வேண்டியதில்லை.

மஸ்டாங்குக்கு எதிராக நின்றது ஒன்றுதான், அது சின்ன விஷயமில்லை. 2020-இல் பிஎஸ்6 என்கிற புகை விதி வந்தபோது இங்கே அதன் விற்பனை நின்றது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. உதிரி பாகம்? இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. வலது ஸ்டியரிங் மஸ்டாங் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நிறைய ஓடுகிறது. கப்பல் தொடும் துறைமுகத்தில் பிரேக் பேடு, ஃபில்டர், பிளக் வாங்கி வர முடியும். எல்லாருக்கும் அந்த வசதி கிடையாது. மாதச் சம்பளத்துக்கு ஊரிலேயே இருக்கிற ஒருவர் கேட்டால் எம்2-ஐ வாங்கு, மதுரைக்கோ கொச்சிக்கோ போய் சர்வீஸ் விடு என்றுதான் சொல்வேன். மற்றபடி, இரண்டுக்கும் நடுவே பேசி முடிந்த விலையில் பதினோரு லட்சம் வித்தியாசம் இருந்தது. மஸ்டாங்கை வாங்கினேன்.

புனலூர், தென்மலை வழியாக ஓட்டிவந்தேன். அந்த மலைப்பாதையில் நான் விட்டுவிட்டு வந்த கார் நூறு தடவை நினைவுக்கு வந்தது. கழுத்துருட்டிப் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் எதிரே மரம் ஏற்றிய லாரி. என் கார் சாலையில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு நிற்கும். எம்2 என்றால் எலி மாதிரி நுழைந்திருக்கும். ஆரியங்காவு தாண்டி, புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடிக்கவில்லை. அவரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார் என்று நினைத்துக்கொண்டேன். செங்கோட்டையில் வெயில் வந்தது. தென்காசியில் பெட்ரோல் போட்டேன்.

காகித வேலைதான் படுத்தியது. வேறு மாநிலக் காரை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்றியே ஆக வேண்டும். அதற்கு அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, பிறகு இங்கே காரின் வயதுக்கேற்ற ஆயுள் வரி, அப்புறம் அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மனு. நான் அவசரத்தில் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். சான்று வர மூன்று மாதம். அதற்குள் கப்பல் கூப்பிட்டுவிட்டது. ஒரு பங்கைச் சான்று கைக்கு வருகிறவரை நிறுத்தி வையுங்கள், விற்கிறவர் எவ்வளவு நல்லவரானாலும். கடன் பாக்கி, அபராதச் சலான் எல்லாம் அரசின் வாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸில் பம்பர் டு பம்பர் என்கிற தேய்மானமில்லாப் பாலிசி பெரும்பாலும் ஐந்து வருடம்வரைதான் கிடைக்கும். ஆறாவது வருடக் காரை வாங்கினால் ஒரு பம்பருக்குப் பாதிப் பணம் நம் கையிலிருந்து போகும். இதை நான் விலை பேசும்போது யோசிக்கவில்லை.

ஓட்டும் செலவைக் கேட்பவர்களுக்கு: பாளையங்கோட்டைக்குள் லிட்டருக்கு நாலு, நாலரை கிலோமீட்டர். நான்குவழிச்சாலையில் 90-இல் போனால் ஒன்பது. எண்ணெய் மாற்றினால் ஏழரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். டயர் அகலம் முன்னால் 255 மில்லிமீட்டர், பின்னால் 275. முன்பின் மாற்றிப் போட முடியாது, ஊரில் ஸ்டாக் கிடைக்காது. எம்2-இலும் முன்னால் 245, பின்னால் 265, ஸ்டெப்னியும் கிடையாது; ஆக இதில் எந்தப் பக்கமும் லாபமில்லை. பஞ்சர் போட பிளக் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் எப்போதும் டிக்கியில்.

அம்மா பின்சீட்டில் ஒரே ஒரு தடவை ஏறினாள், நெல்லையப்பர் கோயிலுக்கு. முன்சீட்டை மடித்து, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து நின்றுவிட்டு, "மீதி ஆளை எப்படிடே உள்ள கொண்டுபோறது?" என்றாள். திரும்பி வரும்போது ஆட்டோ.

இப்போது மறுபடி கப்பல். போன தடவை பாதி டேங்கோடு விட்டுப் போனேன், தப்பு. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் காலி இடம் எவ்வளவோ அவ்வளவு ஈரக்காற்று. இந்தக் கார் இ20-க்கு முந்தின காலத்துக் கார். இந்தத் தடவை 61 லிட்டர் டேங்கையும் விளிம்புவரை நிரப்பியாயிற்று. டயரில் காற்று 40. மச்சினனிடம், சும்மா ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் வைத்து அணைக்காதே, எண்ணெயில் ஈரம் சேரும். எடுத்தால் இருபது கிலோமீட்டர் ஓட்டு, இல்லாவிட்டால் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். எடுக்கத்தான் போகிறான். பேசுகிற பேச்சு இன்னோவா, முதல் ஆளாகச் சாவியைக் கேட்டவன் அவன்தான். எலி வயரைக் கடிக்காமல் இருக்க பானெட்டைத் திறந்தே வைத்து, கீழே ஒரு பல்பு எரியவிட்டிருக்கிறேன். பேட்டரி இறங்காமல் இருக்கச் சார்ஜர் வயர் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குப் போகிறது.

அம்மா நேற்று அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "பெட்ரோலும் குடிக்கு, கரண்டும் குடிக்கா?"